தெளிந்த நீரை நம்பாதீர்கள்

புதிதாக மீன் தொட்டி வைத்தவர்களின் அழைப்பு பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குண்ணே, மீன் மட்டும் ஒண்ணொண்ணா சாகுது." அம்மோனியா பார்த்தீர்களா என்று கேட்பேன். பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குள் மருந்தென்று மெத்திலீன் புளூவும் கல் உப்பும் தொட்டிக்குள் போயிருக்கும்.

மீன் செவுள் வழியே ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான். மீனைக் கொல்லும் அளவில்கூட அதற்கு நிறமில்லை, நம் மூக்குக்கும் எட்டாது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். அதுவும் நஞ்சுதான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் தடுத்துவிடும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே மீனுக்கு நிம்மதி. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றினால் நைட்ரேட் அடங்கியிருக்கும். ஆனால் இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை பொறுப்பவர் யார்? ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசி அவற்றைக் கொன்றுவிடுகிறவர்களும் உண்டு. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். இறைத்தவுடன் சோதித்தால், கரைந்திருக்கும் கரியமில வாயுவால் பி.எச். குறைவாகத் தெரியும். ஒரு நாள் வாளியில் ஏர் பம்ப் ஓடவிட்டுப் பாருங்கள், 8-ஐத் தாண்டியும் நிற்கலாம். பி.எச். 7 என்பது 8 ஆனால், அம்மோனியாவில் நச்சு வடிவத்தில் இருக்கும் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகிறது. வெயில் காலம் அதை இன்னும் கூட்டும். டெஸ்ட் கிட்டில் ஒரே நிறம் காட்டும் இரண்டு தொட்டிகளில், ஒன்றில் மீன் பிழைக்கும், மற்றதில் சாகும். அதனால் பி.எச். தெரியாமல் அம்மோனியா அளவை மட்டும் சொல்பவருக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

தோட்டத்துக் குட்டையில் சிக்கல் வேறு. நீர் பச்சையாகிவிட்டால், பகலில் ஆக்சிஜனைக் கொட்டும் பாசியே இரவில் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஏற்கெனவே 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்குமென்றால், நம்மூர் 30 டிகிரி நீர் ஏழரைதான் தாங்கும். விடியும் முன் போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் உடனே காற்று கொடுக்க வேண்டும்.

கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ணமீன் விற்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தொட்டி விற்ற அன்றே மீனையும் கவரில் கட்டிக் கொடுக்காதீர்கள். தொட்டியோடு ஒரு டெஸ்ட் கிட் கொடுங்கள். மீனில்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வரச் சொல்லுங்கள். அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட்டும் ஏறி இறங்கி, இரண்டும் பூஜ்யமான பிறகு மீனுக்கு வரட்டும். குழந்தைகள் அழுவார்கள்தான். அழட்டும், ஒரு மாதம்தானே.