நானாவின் லேத்தும் பிள்ளைகள் செய்த உயரக் கட்டையும்



உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கும் ஆறு பிள்ளைகளோடு போன மாதம் ஊர் லேத் பட்டறைக்குப் போயிருந்தோம். புத்தகத்தில் படமாகப் பார்த்த இயந்திரத்தை நேரில் காட்டுவதுதான் நோக்கம்.

நானா ஒரு படகின் புரொப்பெலர் ஷாப்ட்டுக்கு முகம் சீவிக்கொண்டிருந்தார். சீவி முடிந்தும் நட்டநடுவில் ஒரு சின்ன முளை நின்றது. டூலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்துச் சீவினார். முளை போகவில்லை. இன்னொரு தகடு வைத்தார். இப்போது டூல் வெட்டாமல் உரசியது.

"முந்தி பார்த்த உடனே பிடிபடும் சேர். இப்ப கண் மங்கல். மகன் பட்டறைய மூடச் சொல்றான்" என்றார்.

விஷயம் இதுதான். டூலின் நுனி, சுழலும் இரும்பின் மையத்துக்கு நேர் மட்டத்தில் இருக்கவேண்டும். தாழ்ந்தால் நடுவில் முளை மிஞ்சும். உயர்ந்தால் வெட்டும் விளிம்புக்குக் கீழ்ப்பகுதி உரசும். ஷாப்ட்டுகள் பெரும்பாலும் ஸ்டெயின்லஸ் ஸ்டீல். அதை உரசினால் மேற்பரப்பு இன்னும் இறுகி, டூல் நுனிதான் கெடும். நானா இவ்வளவு காலமும் இதைக் கண்ணாலேயே சரிபார்த்தவர்.

அந்தக் கண் எங்கே பழகியது என்று பிள்ளைகள் கேட்டார்கள். 1990 ஒக்டோபரில் எங்கள் சனம் மன்னார்த் தீவிலிருந்து கடல்வழியே கற்பிட்டிக்கு வெளியேறியபோது கையில் எடுக்க முடிந்தது பிள்ளைகளும் கொஞ்ச உடுப்பும்தான். லேத்தைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ஏற முடியுமா? நானாவின் வாப்பாவுடைய லேத் இங்கேயே நின்றுவிட்டது. புத்தளத்தில் வேறொருவர் பட்டறையில் கூலிக்கு நின்று, வாப்பாவின் பக்கத்திலிருந்தே நானா தொழில் படித்தார். யுத்தம் முடிந்து மீள்குடியேற வந்தபோது பழைய பட்டறை இருந்த இடத்தில் பற்றைதான் கிடந்தது. இப்போதுள்ள லேத் அதற்குப் பிறகு வாங்கியது.

திரும்பி வரும் வழியில் ஒரு பிள்ளை, "சேர், கண்ணுக்குப் பதிலா ஒரு கட்டை செய்து குடுப்பமா?" என்றான்.

அடுத்த சனிக்கிழமை நானாவின் கழிவு ஷாப்ட் துண்டொன்றை எடுத்தோம். இரண்டு முனையையும் மட்டமாகச் சீவி, மேலே துளையிட்டு மரை வெட்டினோம். அதில் ஒரு போல்ட். போல்ட் தலைக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வட்டத் தகடு. உயரம் அசையாமலிருக்கப் பூட்டு நட் ஒன்று.

உயரம் எவ்வளவு? சக்கில் ஓர் இரும்பைப் பிடித்து 20 மில்லிமீற்றருக்குக் கடைந்தோம். அதன் அடிப்பக்கத்துக்கும் கீழே குறுக்காக ஓடும் சிலைட்டின் மேற்பரப்புக்கும் இடைவெளி 82.4. எங்கள் பிள்ளைகள் அவசரத்தில் 20ஐக் கூட்டி 102.4 என்றார்கள். நானா சிரித்துவிட்டு, "மையம் பாதியில எல்லோ இருக்கு" என்றார். 10ஐக் கூட்ட 92.4. தகட்டின் அடிப்பக்கத்தை அந்த உயரத்துக்கு வைத்தோம். டூலைத் தகட்டின் அடியைத் தொடும்வரை உயர்த்தி, இறுக்கியபின் மறுபடியும் பார்த்தோம். இறுக்கும்போது அடித்தகடுகள் கொஞ்சம் அமுங்கும்.

முதல் தடவை மறுபடியும் முளை. பார்த்தால் கட்டைக்கு அடியில் ஓர் இரும்புச் சீவல். துடைத்துவிட்டு வைத்துச் சீவினோம். முகம் கண்ணாடிபோல வந்தது, அல்ஹம்துலில்லாஹ். நானா விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

இதைக் கடையில் தேடாதீர்கள். ஒவ்வொரு லேத்தின் மைய உயரமும் வேறு. எங்கள் கட்டை நானாவின் லேத்துக்கு மட்டும்தான். உங்கள் லேத்துக்கு நீங்கள்தான் அளக்கவேண்டும்.

இப்போது இரண்டு பிள்ளைகள் சனிக்கிழமைகளில் பட்டறைக்குப் போகிறார்கள். டூல் வைக்கக் கட்டை போதும். எவ்வளவு ஆழம் வெட்டுவது, சத்தம் மாறினால் எப்போது கையை நிறுத்துவது என்பதற்கு நானா வேண்டும். அவர் கண் சத்திரசிகிச்சைக்கும் நாள் எடுத்தாகிவிட்டது. பட்டறையை மூடும் பேச்சு இப்போதைக்கு இல்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை உடுப்பில் எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வந்தால் ஏசாதீர்கள். ஒருமுறை விட்டுவிட்டுப் போன தொழில் இது. நானாவின் கண்ணுக்காகத் துஆச் செய்யுங்கள்.