இரண்டு கோவேறு கழுதைகள்

நான் ஒரு சரித்திர உபாத்தியாயர். மொழியும் மதமும் ஒன்றாயிருந்தால் தேசங்கள் தாமாகவே ஐக்கியப்பட்டுவிடும் என்று பல வருஷங்களாக வகுப்பில் சொல்லி வந்தேன். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வட ஆப்பிரிக்காவின் படத்தில் விரலை வைத்து, "ஸார், மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் அரபுதானே பேசுகிறார்கள்? பின் ஏன் நடுவிலிருக்கும் கதவைப் பூட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டான். நல்லவேளையாக மணி அடித்து என் மானத்தைக் காத்தது.

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, மாரிடானியா ஆகிய ஐந்து தேசங்களும் 1989 பிப்ரவரி 17-இல் மராகேஷ் நகரில் கூடி, அரபு மக்ரெப் ஐக்கியம் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. ஜனங்களும் சரக்குகளும் தடையின்றிப் போய் வரவேண்டும் என்பது நோக்கம். மொராக்கோவில் பாஸ்பேட் குவிந்து கிடக்கிறது. அல்ஜீரியாவில் இயற்கை வாயு பெருகுகிறது. வாயுவிலிருந்து அம்மோனியா எடுத்துப் பாஸ்பேட்டுடன் சேர்த்தால் வயலுக்கு உரமாகும். இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் வேறுண்டா?

ஆனால் கல்யாணத்துக்கு முன்பே வழக்கு இருந்தது. 1963-இல் எல்லைக்காக இருவரும் போரிட்டார்கள். 1975-இல் ஸ்பெயின் மேற்கு சஹாராவை விட்டு விலக முற்பட்டபோது மொராக்கோ அதற்கு உரிமை கொண்டாடிற்று. அதன் விடுதலைக்குப் போராடிய போலிசாரியோ இயக்கத்தை அல்ஜீரியா ஆதரித்தது. 1994-இல் மராகேஷில் ஒரு ஹோட்டலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மொராக்கோ அல்ஜீரியாவைச் சந்தேகித்து அதன் பிரஜைகளுக்கு விசா விதித்தது. அல்ஜீரியா நில எல்லையையே மூடிவிட்டது.

ஐக்கியத்தின் சட்டப்படி, ஐந்து தலைவர்களும் ஒருமனதாகச் சம்மதித்தால்தான் எதுவும் தீர்மானமாகும். இருவர் முகம் பார்க்க மறுத்தால் மற்ற மூவரும் என்ன செய்வார்கள்? 1994-க்குப் பிறகு தலைவர்கள் மாநாடு கூடவேயில்லை. ஐவருக்குள் நடக்கும் வர்த்தகம் அவர்களுடைய மொத்த வர்த்தகத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. மனிதர் தாண்ட முடியாத அந்த எல்லையை 1996 முதல் வாயு மட்டும் குழாய் வழியே தாண்டி ஸ்பெயினுக்குப் போயிற்று. 2021-இல் அல்ஜீரியா உறவை முறித்துக்கொண்டதும் அந்தக் குழாயும் ஓய்ந்தது.

ஊஜ்தா நகரத்துக்கு அருகில் பூட்டிக் கிடக்கும் சாவடியின் பெயர் 'ஜூஜ் பகால்'. 'இரண்டு கோவேறு கழுதைகள்' என்று அர்த்தமாம்! படித்ததும் சிரித்தேன். அடுத்த பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றது. வடக்கே, கடலோரத்தில், ஒரு சிற்றாறு எல்லையாக ஓடுகிறது. அதன் இரு கரைகளிலும் உறவினர்கள் வந்து நின்று, கைகளை ஆட்டி, உரக்கக் கூவி க்ஷேமம் விசாரித்துக்கொள்கிறார்களாம். அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு கல்லெறி தூரம். ஆனால் பக்கத்தில் வந்து நிற்க வேண்டுமானால் மூன்றாவது தேசம் ஒன்றைச் சுற்றி வரவேண்டும்.

மறுநாள் வகுப்பில், "நான் இத்தனை நாள் சொல்லி வந்தது தவறு. மொழி ஒன்றாயிருப்பது பேசுவதற்கு உதவும், பேச மனம் வருவது வேறு விஷயம்" என்று ஒப்புக்கொண்டேன். பையன் விடவில்லை. "வழக்கு முழுவதும் தீர்ந்த பிறகுதான் கதவு திறக்குமா, ஸார்?"

இம்முறை மணி அடிக்கவில்லை. ஆனால் பதில் இருந்தது. சஹாரா வழக்குத் தீராமலே 1988-இல் அவர்கள் சமாதானமாகி எல்லையைத் திறந்தார்கள். ஆறு வருஷம் ஜனங்கள் போய் வந்தார்கள். பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். "ஒரு தடவை திறந்த கதவுதானே, அப்பா?" என்றேன். அவன் படத்திலிருந்து விரலை எடுத்துவிட்டு உட்கார்ந்தான்.