பி0171: பில் இல்லாமல் உள்ளே வந்த காற்று

பி.காம் படிக்கிறவனுக்கும் கார் இன்ஜினுக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: சம்பந்தம் நாலாயிரத்து ஐநூறு ரூபாய். என் அப்பாவின் பணம். அதைத் தண்டமாக்கிய பெருமை முழுக்க அடியேனையே சேரும் :-)

அப்பாவுக்கு மதுரையில் நோட்டுப் புத்தக மொத்த வியாபாரம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று கடை கடையாக ஏறி இறங்குவதற்கு ஒரு பழைய பெட்ரோல் செடான் இருக்கிறது. 2014 மாடல், செகண்ட் ஹேண்ட். போன மே மாதக் கடைசியில், அதாவது பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரத்தில், அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. காளவாசல் சிக்னலில் நின்றால் வண்டி குலுங்கும். சில நேரம் அப்படியே ஆஃப் ஆகிவிடும். டாஷ்போர்டில் மஞ்சள் கலரில் இன்ஜின் விளக்கு. எங்கள் வீட்டில் வருஷத்துக்கே சம்பாதிப்பது அந்த நாலைந்து வாரத்தில்தான். வண்டி படுத்தால் நாங்களும் படுக்க வேண்டியதுதான்.

இங்கேதான் ஹீரோ என்ட்ரி. என்னிடம் ஆன்லைனில் வாங்கிய ப்ளூடூத் ஓபிடி ரீடர் இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், அதில் சொருகி மொபைலில் பார்த்தால் கோளாறு என்னவென்று கோடு காட்டும். இரண்டு கோடு வந்தது. பி0171, பி0131. முதலாவது, இன்ஜின் லீனாக ஓடுகிறது, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. இரண்டாவது, முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜ் குறைவு. லைவ் டேட்டாவில் பார்த்தேன். சென்சார் 0.1 வோல்டிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"சென்சார் செத்துப்போச்சுப்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. "நீ சொன்னா சரிதான்டா" என்று பீரோவைத் திறந்தார். ஜூனில் கட்ட வேண்டிய என் காலேஜ் ஃபீஸில் இருந்துதான் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

புது சென்சார் மாட்டி, கோடை அழித்து, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தோம். விளக்கு வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் மேலூரிலிருந்து போன். "டேய், மறுபடியும் லைட் எரியுதுடா."

சரி, அந்த சென்சார் என்னதான் செய்கிறது? பெட்ரோல் முழுசாக எரிய, ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவர்தான் இந்த சென்சார். 1976லேயே வால்வோ காரில் வந்துவிட்ட சமாச்சாரம், பாஷ் கம்பெனி செய்தது. பழைய வகை சிர்கோனியா சென்சாராக இருந்தால் (புது வண்டிகள் பலவற்றில் வேறு வகை, அங்கே இந்தக் கணக்கு செல்லாது) ஆக்ஸிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் பக்கம், மிஞ்சாவிட்டால் 0.9 பக்கம். இரண்டுக்கும் நடுவே மாறி மாறி ஆடிக்கொண்டே இருப்பதுதான் அதன் ஆரோக்கியம். அது சொல்வதைக் கேட்டு இசியு பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

இப்போது புரிகிறதா? இன்ஜின் நிஜமாகவே லீனாக ஓடினால் சென்சார் 0.1ல்தான் நிற்க வேண்டும். உண்மையைச் சொன்னவனைப் பிடித்து நான் வேலையை விட்டுத் தூக்கியிருக்கிறேன். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்று சொன்ன அக்கவுண்டன்டை டிஸ்மிஸ் செய்வது மாதிரி. செத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பைசா செலவில்லாத வழி இருந்தது. வண்டியை நன்றாகச் சூடாக்கிவிட்டு ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று ஒரு மிதி. அந்த நொடி பெட்ரோல் கூடுதலாகப் போகும். சென்சார் 0.8க்குத் துள்ளினால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இதைப் பணம் போன பிறகுதான் படித்தேன்.

அன்று ராத்திரி வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு ஃப்யூயல் ட்ரிம் என்கிற எண்களைப் பார்த்தேன். இதுதான் எங்கள் ஏரியா! சென்சார் பேச்சைக் கேட்டு இசியு போடுகிற அட்ஜஸ்ட்மெண்ட் என்ட்ரிகள்தான் இவை. ஷார்ட் டெர்ம் என்பது அன்றாட கேஷ் புக். லாங் டெர்ம் என்பது வழக்கமாகவே இவ்வளவு துண்டு விழுகிறது என்று கற்றுக்கொண்டு ஒதுக்கி வைப்பது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. எங்கள் வண்டியில் ஐடிலிங்கில் இரண்டும் சேர்த்து ப்ளஸ் 30. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் ப்ளஸ் 6.

இந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை தம்பி" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2025ல் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது, அந்தப் பெட்ரோலுக்கு 14.7 பொருந்தாது, குறைவான காற்று போதும், ட்ரிம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் பெட்ரோல்தான் காரணம் என்றால் எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏற வேண்டும். பெட்ரோல் பம்ப் சோர்ந்துபோயிருந்தால் வேகம் எடுக்கும்போதுதான் அதிகம் துண்டு விழும். ஐடிலிங்கில் மட்டும் விழுகிறது என்றால் காற்று திருட்டுத்தனமாக உள்ளே வருகிறது. எங்கள் காரில் ஏர் ஃபில்டரை ஒட்டி மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறது. உள்ளே வரும் காற்றுக்கு பில் போடுகிற கேட் அது. அதைத் தாண்டி எங்கோ ஓட்டை. பில் இல்லாத சரக்கு. ஐடிலிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம், உறிஞ்சும் வேகமோ அதிகம். அதனால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். த்ராட்டில் திறந்தால் லட்சக் கணக்கில் நூறு ரூபாய் மாதிரி காணாமல் போய்விடும். (மாஸ் ஏர்ஃப்ளோ இல்லாமல் மேப் சென்சாரை வைத்துக் கணக்குப் போடும் வண்டிகள் நிறைய உண்டு. அங்கே இதே ஓட்டைக்கு லீன் கோடு வராமல் ஐடிலிங் மட்டும் ஏறிக்கொள்ளலாம். யாரும் என்னை நம்பி வண்டியைப் பிரித்துவிடாதீர்கள், என் ட்ராக் ரெக்கார்டைத்தான் மேலே படித்தீர்களே.)

மறுநாள் காலையில் மெக்கானிக் அண்ணனிடம் இந்த எண்களைக் காட்டினேன். "ஊதுவத்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் உறிஞ்சுதுன்னு பாப்பமாண்ணே?" என்று ஒரு யோசனையும் சொன்னேன். "பெட்ரோல் வண்டிக்குள்ள நெருப்பா? போயி அந்தாண்ட நில்லு தம்பி" என்றார். பிறகு குனிந்து காதைக் கொடுத்தார். இடுக்கியால் ஒவ்வொரு ஹோஸாக நசுக்கினார். இன்ஜினுக்குப் பின்பக்கம் பிசிவி ஹோஸை நசுக்கியதும் குலுக்கல் நின்றது. நான் கையில் பிடித்திருந்த மொபைலில் ஷார்ட் டெர்ம் ட்ரிம் மளமளவென்று இறங்கியது. கழற்றிப் பார்த்தால் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத வளைவில், சுண்டுவிரல் நீளத்துக்கு வெடிப்பு. சூட்டில் ரப்பர் கட்டையாகிப் பிளந்திருக்கிறது.

புது ஹோஸ் நூற்று எண்பது ரூபாய். கூலி இருநூறு.

அப்பாவுக்கு வண்டி ஓடினால் போதும். அன்றே உசிலம்பட்டி கிளம்பிப் போனார். என் ஃபீஸைக் கடைசி நாளன்று, ஒரு கடைக்காரர் கொடுத்த அட்வான்ஸை வைத்துக் கட்டினார். சென்சாரும் ஹோஸும் ஒரே நேரத்தில் போய்விட்டதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். மெக்கானிக் அண்ணனுக்கு விஷயம் தெரியும். அப்பா வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார், சொல்ல மாட்டார்.

போன வாரம் அப்பா கேட்டார்: "அந்தப் பழைய சென்சார் எங்கடா? பழைய இரும்புக்காரன் வந்திருக்கான்."

"தூக்கிப் போட்டுட்டேன்பா" என்றேன். என் மேஜை டிராயரில், காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது.