பின்பனிக் காலத்துக்கு ஒரு டிக்கெட்

சிங்கப்பூரில் பருவம் என்று ஒன்று இருந்தால் அது விடுமுறைக் காலம்தான். வெயில் எப்போதும் வெயில், மழை நினைத்தபோது மழை. ஆனால் நவம்பர் நடுவில் பள்ளிகள் மூடியதும் சாங்கியில் கூட்டம் ஏறும். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் துவாஸ் இரண்டாம் பாலத்தில் ஜொகூர் போகிற கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். மனிதவள அமைச்சு அடுத்த ஆண்டின் 11 பொது விடுமுறைகளை முந்தைய ஆண்டே அறிவித்துவிடும். அறிவித்த அன்றே எத்தனை நீண்ட வாரயிறுதிகள் என்ற கணக்கும் வந்துவிடும். சாயங்காலத்துக்குள் ஆபீஸில் பாதிப் பேர் லீவு போட்டிருப்பார்கள்.

2026இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, 18. செவ்வாய், புதன். திங்கள் ஒரு நாள் லீவு எடுத்தால் சனியிலிருந்து சேர்த்து ஐந்து நாள். என்டியூவில் கூடப் படித்த நண்பர்களின் வாட்ஸப் குழுவில் இந்தக் கணக்கோடுதான் பேச்சு தொடங்கியது: "நிசெக்கோ போலாமாடா? பனிச்சறுக்கு?" எங்களில் யாரும் அதுவரை பனியில் காலை வைத்ததில்லை.

பனிச்சறுக்குப் பயணம் பேங்காக் பயணம் மாதிரி இல்லை. டிக்கெட்டும் அறையும் போட்டால் முடிந்தது என்று விட முடியாது. லிஃப்ட் பாஸ், சறுக்குக் கட்டை, பூட்ஸ், ஜாக்கெட் வாடகை, சறுக்கி விழுந்தால் செலவை ஏற்கிற காப்புறுதி, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நண்பனுக்கு விசா என்று பட்டியல் நீளும். கூட்ட வாரத்தில் முதலில் தீர்ந்துபோவது விமான இருக்கை என்றுதான் நான் நினைத்தேன். விசாரித்த இடத்திலெல்லாம் முதலில் தீர்ந்திருந்தது ஆங்கிலத்தில் சொல்லித்தரும் பயிற்றுநர்கள். முதல்முறை போகிறவனுக்கு எவ்வளவு நல்ல பனி என்பது பெரிய விஷயமில்லை. எப்படி நிற்பது என்று சொல்லித்தர ஒரு ஆள்தான் முக்கியம்.

சீனப் புத்தாண்டு வாரத்தில் சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், தைவான் எல்லாரும் அதே மலைக்குத்தான் போகிறார்கள். கிறிஸ்துமஸ் வாரம் என்றால் மேற்கத்தியக் கூட்டம், அதன்மேல் ஜப்பானியர்களின் சொந்தப் புத்தாண்டு விடுமுறை. இரண்டுக்கும் நடுவே, ஜனவரி நடுவில், ஒரு சின்ன இடைவெளி. ஹொக்கைடோவில் பனி கொட்டுகிற நேரம் அது, ஆனால் அறை விலை இறங்கியிருக்கும். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு காலண்டரைப் பார்த்தேன். உலகத்துக்கு அது காலியான வாரம். நமக்குப் பொங்கல்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். துவாஸில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பொறியாளராக இருக்கிறேன். துவாஸ் லிங்க், அதாவது கிழக்கு-மேற்கு ரயில் பாதையின் மேற்குக் கோடியில் இறங்கி, கம்பெனி வேனில் பத்து நிமிடம். வெளியே 32 டிகிரி, உள்ளே மைனஸ் 25. சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும் அம்மோனியாவை வைத்து அந்தக் குளிரை உண்டாக்குகிறோம். மீன், இறால், கோழி, எல்லாம் மலை மாதிரி அடுக்கியிருக்கும். சீனப் புத்தாண்டுக்கு முந்தின சில வாரங்கள்தான் கிடங்கு பொங்கி வழிகிற காலம். ஊர் முழுக்கக் குடும்ப விருந்துக்குத் தயாராகும்போது எங்கள் கம்ப்ரஸர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

குளிர்பதனப் பிரிவில் நாங்கள் நான்கு பேர். சீன சீனியர் ஒருவர், கன்ட்ரோல் ரூமில் மலாய்க்காரர் ஒருவர், புதுக்கோட்டைப் பக்கத்து டெக்னீஷியன் அண்ணன், நான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் லீவில் போகலாம். சீனப் புத்தாண்டு சீனியருக்கு, நோன்புப் பெருநாள் மலாய்க்காரருக்கு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. ஜனவரி நடுவாரம் மட்டும் ரோஸ்டரில் வெள்ளையாக இருந்தது.

அண்ணன் மற்றவர்கள் முன்னால் என்னை "சார்" என்பார். ஃப்ரீசருக்குள் இரண்டு பேர் மட்டும் என்றால் "தம்பி". அன்று உள்ளே பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜனவரியில் ஜப்பான் போகலாமா என்று யோசிக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"போங்க தம்பி. கையுறை மட்டும் நல்லதா வாங்குங்க. குளிர்ல முதல்ல விரலுதான் போவும்."

"நீங்க பொங்கலுக்கு ஊருக்குப் போகலையாண்ணே?"

"போவணும்னுதான். மக பொறந்து நாலு பொங்கலாச்சு, ஒண்ணுக்கும் வீட்ல இல்ல. பரவால்ல, மாசியில போய்க்கிறேன். மாசியில டிக்கெட்டும் கம்மி."

அவர் இன்னும் லீவு கேட்டிருக்கவில்லை. நான் அன்றே கேட்டிருந்தால் எனக்குத்தான் கிடைத்திருக்கும். பொறியாளர் கேட்டால் ஒரே நாளில் சம்மதம் வரும், டெக்னீஷியன் கேட்டால் "பார்க்கலாம்" என்று வரும். இது எங்கள் இடத்தில் மட்டும் நடப்பதில்லை என்பது துவாஸில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். கூட்ட வாரத்தில் ஹோட்டல் விலை ஏறுவதற்குத் தேவை, வரத்து என்று சுலபமாக விளக்கம் சொல்லிவிடுகிறோம். ஒருவர் விடுமுறையில் போக இன்னொருவர் ஸ்டாண்ட்பையில் இருக்கிறாரே, அந்த விலை எந்த புக்கிங் தளத்திலும் தெரிவதில்லை.

அம்மாவிடம் ஜனவரி என்று சொன்னபோது அவர் அண்ணனைவிட நேராகப் பேசினார். "தை முதல் நாள் வீட்டப் பூட்டிட்டு ஐஸ் பாக்கப் போவியா?" ஒவ்வொரு பொங்கலுக்கும் கேம்பல் லேன் சந்தையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் அவரே பார்த்து வாங்க வேண்டும். அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் ஜனவரி கிடையாது. அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. நண்பர்கள் சீனப் புத்தாண்டுக்கே முடிவு செய்தார்கள். நான் குழுவில் வாழ்த்து அனுப்பிவிட்டுத் தனியாகத் திட்டம் போடத் தொடங்கினேன்.

துவாஸிலும் பனி பெய்யும் என்றால் நம்புவீர்களா? லோடிங் பேயில் லாரி நிற்கும்போது கதவு அதிக நேரம் திறந்திருந்தால் வெளியே இருக்கிற ஈரக்காற்று உள்ளே நுழையும். குளிர் பட்டதும் அந்த ஈரம் கூரையில் வெள்ளையாகப் படிந்து, பிறகு மெல்ல உதிரும். பார்க்க அழகாக இருக்கும். எங்களுக்கு அது கோளாறு. தரை வழுக்கும், காயிலில் ஐஸ் கட்டும், கரன்ட் பில் ஏறும். அண்ணன் துடைப்பத்தோடு வருவார்.

ஜப்பானின் பனி எப்படி வருகிறது என்று படித்தபோது சிரிப்பு வந்தது. அங்கேயும் இதே கதைதான். சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, அதைவிடச் சூடான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. மலையில் மோதி மேலே ஏறியதும் அத்தனையையும் பனியாகக் கொட்டுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் டோக்கியோவில் வெயில் அடிக்கும், அந்தப் பக்கம் யுசாவாவில் ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும். கவாபட்டாவின் 'பனி நாடு' நாவல் நடக்கிற ஊர் அதுதான். இன்றைக்கு டோக்கியோவிலிருந்து ஷிங்கான்சென்னில் ஒன்றேகால் மணி நேரத்தில் காலா யுசாவா நிலையம். ரயிலை விட்டு இறங்கினால் அதே கட்டடத்தில் வாடகை பூட்ஸ், அங்கிருந்தே மேலே போகும் கொண்டோலா. நிசெக்கோவுக்கு விமானம் மாறி, பிறகு பஸ்ஸில் இரண்டரை மூன்று மணி நேரம் போக வேண்டும். முட்டி வலிக்கிற அப்பாவுக்கு யுசாவாதான் சரி. சறுக்காதவர்களும் கொண்டோலாவில் ஏறிப் பனியைத் தொட்டுவிட்டு வரலாம்.

எப்போது போவது என்பதற்கு நம் பழைய காலண்டரே போதுமாக இருந்தது. ஆறு பருவங்களில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. ஊரில் இந்தப் பனி விடிகாலையில் புல்நுனியில் நிற்கிற துளி. ஆனாலும் வடக்கே சறுக்கு மலைகளின் பருவமும் ஏறக்குறைய இதே நான்கு மாதம்தான். கூட்டமெல்லாம் முன்பனியிலும் மாசித் தொடக்கத்திலும். பங்குனி பிறக்கும்போது ஆள் குறைந்திருக்கும், மலையில் பனி மிச்சமிருக்கும். பகலில் கொஞ்சம் இளகி ஈரமாகக் கிடக்கும். தேர்ந்தவர்கள் குறை சொல்வார்கள். விழுந்து எழப்போகிற எனக்கு அதில் குறையொன்றும் இல்லை.

அக்காவின் பிள்ளைகளுக்கு மார்ச் பள்ளி விடுமுறை 14 முதல் 22 வரை. மார்ச் 20, வெள்ளி, ஜப்பானில் வசந்த சமநாள் விடுமுறை. அன்றிலிருந்து மூன்று நாள் டோக்கியோக்காரர்கள் மலைக்குக் கிளம்புவார்கள். 21 நோன்புப் பெருநாள், மலாய்க்காரர் வீட்டில் இருந்தாக வேண்டும். ஆகவே 14இல் கிளம்பி 19இல் திரும்புவது. ஆறே நாள்தான், ஆனால் யாருடைய பெருநாளிலும் கை வைக்கவில்லை. பொங்கல் வாரத்துக்கு அண்ணனின் லீவு விண்ணப்பத்தை நானே மேனேஜரிடம் கொண்டுபோய், அந்த ஷிப்டுகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே சம்மதம் வந்தது. அண்ணன் திருச்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டார். விலை எவ்வளவு என்று கேட்டேன், சொல்லவில்லை.

அப்பா முப்பது வருடம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். பொது விடுமுறையில் வேலை செய்தால் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூட வரும். என் நினைவில் சீனப் புத்தாண்டு என்றால் அப்பா வீட்டில் இல்லாத இரண்டு நாள். யுசாவா, தேதி, ரயில் எல்லாவற்றையும் விளக்கி, பாஸ்போர்ட் கேட்டேன். குளிரைப் பற்றியோ செலவைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"அந்த வாரம் உன் எடத்துல யாரு?"

"அண்ணன் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாருப்பா. பொங்கலுக்கு நான் நிக்கிறேன்."

சரி என்று அலமாரியைத் திறந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கொடுத்தார்.