அல்புகர்க்கியில் ஒரு அச்சாரம்

அல்புகர்க்கி நகரின் கிழக்கே நிற்கும் மலைத்தொடருக்கு சாண்டியா என்று பெயர். ஸ்பானிய மொழியில் தர்பூசணி. மாலை வெயில் பட்டதும் மலை முழுவதும் வெட்டி வைத்த பழம்போல் சிவக்கிறது. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் உள்ள வறண்ட நகரம். உணவகத்தில் எதைக் கேட்டாலும் ‘சிவப்பா, பச்சையா?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். எந்த மிளகாய்ச் சாறு வேண்டும் என்று பொருள். நியூ மெக்சிகோ மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வமான கேள்வியாகவே அறிவித்திருக்கிறது.

நான் தேடி வந்தது மலையையும் அல்ல, மிளகாயையும் அல்ல. ஒரு பழைய விளம்பரத்தில் இருந்த விலாசத்தை: 6328, லின், வடகிழக்கு. பழைய 66ஆம் நெடுஞ்சாலையான சென்ட்ரல் அவென்யுவிலிருந்து கொஞ்ச தூரம். 1975இல் அமெரிக்காவின் பல மூலைகளிலிருந்து இந்த விலாசக்காரர்களுக்கு செக்குகள் வந்து குவிந்தன. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் தாங்கள் வாங்கும் பொருளைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு பத்திரிகையின் அட்டைப்படத்தை மட்டும் பார்த்திருந்தார்கள். அந்தப் படத்தில் இருந்தது காலிப் பெட்டி.

பெட்டியின் கதை 1969இல் ஆரம்பிக்கிறது. இங்குள்ள கிர்ட்லாண்ட் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்த எட் ராபர்ட்ஸ், சில நண்பர்களுடன் சேர்ந்து மிட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். பொம்மை ராக்கெட்டுகளில் பொருத்தும் சின்னஞ்சிறு மின்னணுக் கருவிகள்தான் முதல் சரக்கு. அது விலை போகவில்லை. 1971இல் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கால்குலேட்டர் கிட் கொண்டு வந்தார். விற்றது. பிறகு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற பெரிய முதலைகள் கால்குலேட்டர் சந்தையில் இறங்கின. விலை சரிந்தது. 1974இல் மிட்ஸுக்குக் கடன் சுமார் 3 லட்சம் டாலர்.

அந்த நிலையில் வேறொருவர் கடையை மூடியிருப்பார். ராபர்ட்ஸ் வங்கிக்குப் போய் இன்னும் 65,000 டாலர் கடன் கேட்டார். சாதாரண மனிதன் தன் மேஜைமேல் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டரை கிட்டாக விற்கப் போவதாகவும், ஒரு வருடத்தில் 800 விற்கும் என்றும் சொன்னார். முதலுக்கு மோசம் வராமலிருக்கவே 200 விற்க வேண்டியிருந்தது. அன்று யாருக்கும் கம்ப்யூட்டர் தேவை என்று தோன்றியிருக்கவில்லை. வங்கி எந்த தைரியத்தில் கொடுத்ததோ, கொடுத்துவிட்டது.

இன்டெல் கம்பெனி தனது 8080 சில்லுக்கு வைத்த விலை 360 டாலர். மொத்தமாக வாங்குவதாகச் சொல்லி ராபர்ட்ஸ் அதை 75 டாலருக்குப் பேசி முடித்தார். அதனால்தான் முழு கிட்டையும் 397 டாலருக்குத் தர முடிந்தது. பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையின் லெஸ் சாலமன் அட்டைப்படக் கட்டுரைக்கு இடம் ஒதுக்கினார். இருந்த ஒரே மாதிரி இயந்திரத்தை நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். வழியில் பார்சல் தொலைந்துபோனது. இன்னொன்று செய்ய நேரமில்லை. முன்பக்கம் சுவிட்சும் விளக்கும் வைத்து, உள்ளே ஒன்றுமில்லாத பெட்டியைப் படம் எடுத்தார்கள். 1975 ஜனவரி இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற பெயரோடு அது கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

இதை மோசடி என்று சொல்லலாமா? எனக்கு இந்தக் கேள்வியில் சொந்த அக்கறை உண்டு. சில வருடங்களுக்கு முன், தமிழ் எழுத்துகளைச் சிதைக்காமல் காட்டும் என்று உறுதி சொன்ன ஒரு வாசிப்புக் கருவிக்கு முன்பணம் அனுப்பினேன். படம் அழகாக இருந்தது. கருவி வரவே இல்லை. கொஞ்ச நாள் வருத்தக் கடிதங்கள் வந்தன, பிறகு அவையும் நின்றன. அந்தக் கோபம்தான் என்னை இந்தத் தெருமுனை வரை இழுத்து வந்தது.

முன்பணம் என்ற சொல்லைவிட அச்சாரம் என்ற நம் பழைய சொல் இதற்குப் பொருத்தம். முன்பணம் வெறும் கணக்கு. அச்சாரத்தில் கொடுத்தவன், வாங்கியவன் இருவரின் வாக்கும் அடங்கியிருக்கிறது. ஊரில் தட்டாருக்கு அச்சாரம் கொடுத்தால் அவர் வீடு எது, அப்பா யார் என்று தெரியும். நகை தாமதமானால் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அல்புகர்க்கிக்கு செக் அனுப்பியவர்களுக்குத் திண்ணை ஏது?

ஒருவர் மட்டும் திண்ணை தேடிப் புறப்பட்டு வந்தார். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரைச் சேர்ந்த ஸ்டீவ் டாம்பியர். பட்டியலில் உள்ள எல்லாவற்றிலும் ஒவ்வொன்று கேட்டு 4,000 டாலர் அனுப்பியிருந்தார். அவற்றில் பல பொருள்கள் அப்போது காகிதத்தில்கூட முழுமையாக இல்லை. 60 நாளில் அனுப்புவதாகச் சொன்ன மிட்ஸ், பிப்ரவரியில் மட்டும் ஆயிரம் ஆர்டர்களை வாங்கி வைத்துக்கொண்டு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. டாம்பியர் சுமார் ஆயிரம் மைல் கடந்து நேரில் வந்துவிட்டார். பெரிய தொழிற்சாலையை எதிர்பார்த்தவர் கண்டது வரிசைக் கடைகளில் ஒரு சிறிய இடம். இயந்திரம் கிடைக்கவில்லை. ஒரு பையில் கொஞ்சம் உதிரி பாகங்கள் கிடைத்தன.

நான் போன நேரத்தில் தெரு காலியாக இருந்தது. தாழ்ந்த கட்டடங்கள், கார் நிறுத்தும் இடம், வெயில். டாம்பியர் இங்கே நின்று என்ன நினைத்திருப்பார்? திரும்பிப் போய் ஊரைக் கூட்டி வசை பாடியிருக்கலாம். ஊர் கூடவும் செய்தது. 1975 மார்ச் 5ஆம் தேதி மென்லோ பார்க்கில் ஒரு கார் ஷெட்டில் முப்பது பேர் போல மழை நாளில் கூடினார்கள். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் முதல் கூட்டம். அங்கே டாம்பியர் தன் அல்புகர்க்கி பயணத்தை விவரித்தார். மிட்ஸிடம் சொல்லிக்கொள்ள பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் இயந்திரம் நிஜம் என்பதுதான் அவர் கொண்டு வந்த செய்தி. கூட்டத்தினர் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் டாம்பியரின் ஆல்டேர் ஓடியது. திரையில்லை, விசைப்பலகை இல்லை. நினைவகம் 256 பைட். இன்றைய யூனிகோட் முறையில் மிஞ்சினால் இரண்டு திருக்குறளை அதில் வைக்கலாம், மூன்றாவதற்கு இடமிருக்காது. அதை வைத்துக்கொண்டு அவர் அருகிலிருந்த ரேடியோவின் இரைச்சலைப் பாட்டாக மாற்றி, பீட்டில்ஸின் ஒரு மெட்டைக் கிளப்பில் வாசித்துக் காட்டினார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நான் அனுப்பிய காசுக்கு இந்தக் கைதட்டலாவது கிடைத்திருந்தால் மன்னித்திருப்பேன்.

மிட்ஸ் எல்லா விஷயத்திலும் மன்னிக்கப்படவில்லை. அதன் கூடுதல் நினைவக அட்டைகள் சரியாக வேலை செய்யவில்லை. அதே கிளப்பைச் சேர்ந்த பாப் மார்ஷ் உருப்படியான அட்டைகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர் அந்தப் பக்கம் சாயவே, மிட்ஸ் ஒரு தந்திரம் செய்தது. பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேருக்காக எழுதிய பேசிக் மென்பொருளைத் தனியாக வாங்கினால் 500 டாலர், தன் அட்டையோடு வாங்கினால் மலிவு என்றது. ஓடாத அட்டையை வாங்கினால்தான் ஓடும் மென்பொருள் கிடைக்கும். பேசிக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அதன் காகித நாடா ஒன்று கலிபோர்னியா கிளப்காரர்கள் கையில் சிக்கியபோது, தயங்காமல் பிரதி எடுத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1976 பிப்ரவரியில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி அவர்களைத் திருடர்கள் என்றார். கேட்ஸின் உழைப்பு அவருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் காத்திருந்தவர்களின் காசு எத்தனை மாதம் மிட்ஸை ஓட்டியது என்ற கணக்கு அந்தக் கடிதத்தில் இல்லை.

1975 ஆகஸ்டுக்குள் மிட்ஸ் 5,000க்கு மேல் ஆல்டேர்களை அனுப்பி வைத்துவிட்டது. காலிப் பெட்டிக்கு அச்சாரம் வாங்கியவர் வாக்கைக் காப்பாற்றினார், தாமதமாக. எனவே மோசடி இல்லை என்பது என் தீர்ப்பு. அதே நேரம், அவர் எடுத்ததாகச் சொல்லப்படும் துணிச்சலான முடிவின் பெரும்பகுதி ஆபத்தைச் சுமந்தவர்கள் தலைக்கு 397 டாலர் அனுப்பிய முகம் தெரியாத ஆட்கள். வங்கிக்கு வட்டி உண்டு, பங்குதாரருக்கு லாபம் உண்டு. 1977இல் மிட்ஸ் சுமார் 60 லட்சம் டாலருக்கு பெர்டெக் கம்பெனியிடம் கைமாறியபோது இவர்களுக்கு எதுவும் வரவில்லை. வர வேண்டும் என்று அவர்கள் கேட்டதாகவும் தெரியவில்லை. அவர்கள் கேட்டது ஒரு கம்ப்யூட்டர்.

ராபர்ட்ஸ் அந்தப் பணத்தோடு ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய் விவசாயம் செய்தார். நாற்பதைத் தாண்டிய வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1986இல் டாக்டரானார். காக்ரன் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்தார். 2010 ஏப்ரல் 1ஆம் தேதி இறந்தார். அதற்குச் சில நாள் முன்பு பில் கேட்ஸ் மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்து வந்தார்.

லின் அவென்யுவிலிருந்து நான் திரும்பும்போது மலை சிவக்க ஆரம்பித்திருந்தது. தெருமுனை உணவகத்தில் அதே கேள்வி. பச்சை என்றேன். சாப்பாடு வந்த பிறகுதான் காசு வாங்கினார்கள்.