கன்னொறுவையை மேசையில் விரித்து

வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு வீட்டில் என்ன விளையாட்டு நடத்துகிறேன் என்று பலர் கேட்கிறீர்கள்.

வரைபடத்தில் நடத்தும் போர் விளையாட்டு. 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற படை அதிகாரி வகுத்த விதிகள்தான் இதற்கு வேர். எதிரி எங்கே நிற்கிறான் என்று எந்தத் தரப்புக்கும் தெரியாது, நடுவருக்கு மட்டுமே தெரியும். நான்தான் நடுவர். தாயக்கட்டை உருட்டச் சிலருக்கு மனமில்லை. அதனால் எண் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுக்கிறோம்.

இப்போது எங்கள் மேசையில் 1638 மார்ச் மாதம். தியோகோ டி மெலோவின் போர்த்துக்கேயப் படை பலனைக் கணவாய் ஏறிக் கண்டிக்குள் நுழைகிறது. நகரில் ஆளில்லை. போர்த்துக்கேயர் பக்கம் ஆடும் தம்பி யோசித்துவிட்டுக் கேட்டார்: "நானா, வந்த வழியாலேயே திரும்பலாமா?"

"ஒற்றனை அனுப்பிப் பாருங்க தம்பி."

உண்மையில் அந்தப் படை திரும்பும்போது, கன்னொறுவையில் மரங்களைச் சாய்த்து வழியை அடைத்து, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயருக்காகப் போரிட்ட உள்ளூர் லஸ்கரின் வீரர்கள் பலர் அவர்களைக் கைவிட்டுப் போனார்கள். தளபதி டி மெலோவும் மாண்டார்.

பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. மேசையில் உட்கார்ந்தால்தான் பசி, மலை, ஆறு, நம்பிக்கைத் துரோகம் எல்லாம் சேர்ந்து ஒரு முடிவை எப்படி உருவாக்குகின்றன என்று புரிகிறது. நம் பிள்ளைகள் இப்படி யோசித்துப் பழகவேண்டும் என்பதே என் ஆசை.

அடுத்து 1803, வட்டப்புளுவை. பெருகி ஓடும் மகாவலியைக் கடக்க முடியாமல் நின்ற ஆங்கிலேயப் படை. ஆட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள், இடம் இருக்கிறது.