பெனித்தியே

பாரிஸ் மாநகரில், ஸேன் நதியின் இடது கரையில், ஸான் ஸுல்பீஸ் என்னும் பெரிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. 1646-ல் தொடங்கிய கட்டடம். பணமுடையினால் நின்று நின்று எழும்பியது. இரட்டைக் கோபுரங்களில் வடக்கே உள்ளது 73 மீட்டர். தெற்கே உள்ளதோ 68 மீட்டர்தான். அதன் வேலை முற்றுப்பெறவேயில்லை. விக்டர் ஹியூகோவுக்கு 1822-ல் விவாகம் நடந்தது இங்கேதான். புரட்சிக் காலத்தில் இது வெற்றித் தேவியின் கோயிலாகப் பெயர் மாறி, 1799 நவம்பரில் நெப்போலியனுக்கு விருந்து மண்டபமாகவும் ஆயிற்று. இவற்றையெல்லாம் வழிகாட்டிப் புத்தகமே சொல்லிவிடும். என்னை அங்கே இழுத்துச் சென்றதோ ஒரு சொல்.

'பெனித்தியே' என்பது அந்தச் சொல். ஆலய வாயிலில் தீர்த்தம் வைக்கும் பாத்திரத்துக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர். ஆங்கில அகராதிகளிலும் இது அபூர்வமாக ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும். தீர்த்தம் என்ற சொல்லை நம் நாட்டுக் கத்தோலிக்கரும் வழங்குவதால், எனக்குப் பொருள் விளங்கச் சிரமமில்லை. ஆனால் அதே சொல்லுக்குக் கீழே, 'ஒருவகைப் பெருஞ்சிப்பி' என்று இரண்டாவது பொருளும் கண்டேன். அதுதான் திகைக்க வைத்தது.

உள்ளே நுழைந்ததும் விடை கிடைத்தது. நடுக்கூடத்தில், தூண்களை ஒட்டி, வலமும் இடமுமாக இரண்டு மாபெரும் சிப்பி ஓடுகள்! இரண்டும் ஒரே பிராணியின் இரு பாதிகள். வெனிஸ் குடியரசு இவற்றை முதலாம் பிரான்ஸிஸ் மன்னனுக்குப் பரிசாக அளித்தது என்பது வரலாறு. அம்மன்னன் இறந்தது 1547-ல். ஆலயத்துக்கு இவற்றைக் கொடுத்தவர் பதினைந்தாம் லூயி. பிகால் என்னும் சிற்பி கடற்பாறை போலவே வெண்சலவைக்கல்லைக் குடைந்து, கடற்செடிகளையும் கடற்பிராணிகளையும் அதிலே செதுக்கி, ஓடுகளைத் தாங்க வைத்திருக்கிறார். சிப்பி தன் வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று எண்ணினார் போலும்!

அதன் உண்மையான வீடு இந்து மகாசமுத்திரத்தின் கிழக்கிலும் பசிபிக்கிலும் உள்ள பவளத்திட்டுக்கள். நான்கடிக்கு மேலும் வளரும். எடை இருநூறு கிலோவைத் தாண்டும். முத்துக் குளிப்பவர் காலைக் கவ்விக் கொன்றுவிடும் என்பது வெறும் கட்டுக்கதை. மெல்ல மெல்லத்தான் அது வாய் மூடும். தன் தசையில் நுண்ணிய பாசிகளைக் குடிவைத்து, அவை சூரிய ஒளியிலே சமைக்கும் உணவில் பங்கு பெற்று வாழும் சாது அது. மனிதன் அதன் ஓட்டிலே தீர்த்தம் வைத்தான். பிறகு பாத்திரத்தின் பெயரையே பிராணிக்கும் சூட்டிவிட்டான். பானைக்கு மண்ணின் பெயரை வைக்காமல், மண்ணுக்குப் பானையின் பெயரை வைத்தது போல!

பெயர் போனால் போகட்டும், இனமே போகிறதே. மாமிசத்துக்காகவும் ஓட்டுக்காகவும் வேட்டையாடியதில், பிஜித் தீவுகளின் கடலில் இயற்கையாய் வாழ்ந்த இந்தப் பெருஞ்சிப்பிக் கூட்டம் அடியோடு அற்றுப்போயிற்று. 1980-களிலேதான் சர்வதேச உடன்படிக்கை ஒன்று இதன் வாணிபத்துக்குக் கடிவாளமிட்டது. மன்னர்களின் ஆடம்பரம் என்று ஐரோப்பியரைக் கடிந்துகொள்ள நாவெடுத்தேன். எங்கள் வீட்டுப் பூஜை மாடத்துச் சங்கு நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது சிறுவன் ஒருவன் ஓடி வந்து, விரல் நுனியை நனைப்பதற்குப் பதில் மணிக்கட்டுவரை கையை விட்டுத் துழாவினான். தாயார் பதறி இழுத்தாள். அவன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளவில்லை. ஈரக் கையினால் ஓட்டின் வரிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு நின்றான். அவள் நகர்ந்தபின், நானும் ஒரு வரியைத் தொட்டுப் பார்த்தேன்.